பழைய டிராக்டரும் கார் லைசென்ஸும்



சாரல் நன்றாக விழுகிறது. பேரருவியிலும் ஐந்தருவியிலும் நிற்க இடமில்லை. வழக்கமாக இந்த நாட்களில் அருவிப் படம் ஒன்றைப் போட்டு, 'எப்ப வாறீங்க?' என்று உங்களைக் கேட்பேன். இந்தத் தடவை ஒரு டிராக்டரைப் பற்றி எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் டிராக்டர் வைத்திருப்பவர்களும், லீவுக்கு ஊருக்கு வந்து 'நான் கொஞ்சம் ஓட்டட்டுமா' என்று கேட்கிற பிள்ளைகளைப் பெற்றவர்களும் கடைசிவரை வாசியுங்கள்.

எங்கள் குடும்பத்தில் முப்பது வருடத்துக்கு மேலாக ஒரு மாஸி பெர்குசன் 1035 இருக்கிறது. சென்னையில் 1960-ல் தொடங்கிய டாஃபே கம்பெனியின் வண்டி, மூன்று சிலிண்டர் இன்ஜின். கார் சாகுபடிக்கும் பிசானத்துக்கும் தொழியடித்தது அதுதான். எரு அடித்தது, வைக்கோல் ஏற்றியது, வீடு கட்டச் செங்கல் சுமந்தது எல்லாம் அதுதான். உங்களில் சிலர் அதன் மட்கார்டில் உட்கார்ந்து போனதும் எனக்குத் தெரியும். அதைப் பற்றியும் பின்னால் சொல்கிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்பு நடந்தது இது. என் தம்பி மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். லீவுக்கு வந்திருந்தான். கார் ஓட்டுவதில் கெட்டிக்காரன், லைசென்ஸ் வாங்கிப் பத்து வருடம் ஆகிறது. மலையடிவாரத் தோப்பில் வெட்டிப் போட்ட தேங்காயைக் கொண்டுவர வேண்டும், டிரைவர் வரவில்லை. "நான் போய்ட்டு வாறேன் பெரியப்பா" என்றான். சாவியை எடுத்துக் கொடுத்தது நான்தான். அவனுடைய எட்டு வயது மகளும் கூடப் போனாள்.

திரும்பி வரும்போது தோப்புப் பாதையின் இறக்கத்தில், ஈரத்தில், பாரத்தோடு வண்டி வேகமெடுத்தது. வேகத்தைக் குறைக்க மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றப் பார்த்தான். மூன்றாவது கழன்றது, இரண்டாவது விழவில்லை. 'கரகர' என்று சத்தம்தான் வந்தது. மறுபடி தள்ளினான், மறுபடி அதே சத்தம். பிரேக்கை மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. பின்னாலிருந்து டிரெய்லர் தள்ளியது. கடைசியில் அவன் புத்தியாக வண்டியை வரப்பில் ஏற்றினான். வரப்பைத் தாண்டி ஒரு தென்னையில் முட்டி நின்றது. மட்கார்டில் இருந்த பிள்ளை சேற்றில் விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். இன்னும் நூறு கெஜம் ஓடியிருந்தால் அருவிக்குப் போகிற ரோடு. சீசன் நேரம். தோளில் துண்டும் தலையில் எண்ணெயுமாக ஜனங்கள் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அன்று ராத்திரி வீட்டில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "வண்டி பழசாப் போச்சு. கியர் விழ மாட்டேங்கு. வித்துத் தொலைங்க."

மறுநாள் மெக்கானிக் வந்து பார்த்தார். கியர் பெட்டியிலும் கிளட்சிலும் குறை ஒன்றும் இல்லை என்றார். தொழியடிக்கும்போது தனித்தனியாக மிதிப்பதற்காகக் கழற்றிவிட்ட வலது, இடது பிரேக் பெடல்களை யாரும் திரும்ப இணைக்கவில்லை. அதனால்தான் வண்டி ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. நானே உட்கார்ந்து ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். எல்லாக் கியரும் சத்தமில்லாமல் விழுந்தன.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். வண்டியை விற்றாலும் இந்த ஆபத்து நம்மை விட்டுப் போகாது. டிராக்டருக்குக் கியர் போடுவது தனியாகக் கற்க வேண்டிய வேலை. கார் ஓட்டத் தெரிந்தால் இதுவும் தெரியும் என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த நினைப்புதான் ஆபத்து. முப்பத்து மூன்று வருடம் பாடம் நடத்திய நானே பாடம் நடத்தாமல் சாவியைக் கொடுத்தேன். தப்பு என்னுடையது.

சட்டமும் இந்த நினைப்புக்கு இடம் கொடுக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 'இலகுரக வாகனம்' என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தில் காரும் இருக்கிறது, 7500 கிலோவுக்கு மேற்படாத டிராக்டரும் இருக்கிறது. ஆக, சின்னக் காரில் எட்டுப் போட்டு வாங்கிய லைசென்ஸ் டிராக்டருக்கும் செல்லும். சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. விவசாயியை இரண்டு லைசென்சுக்கு அலைய விடுவது நியாயமில்லை. ஆனால் லைசென்ஸ் இருக்கிறது என்பதற்காகக் கைக்குப் பழக்கமும் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஏன் என்று சொல்கிறேன். பழைய வகுப்பறைப் பாடம் போலத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார் கியர் பெட்டியில் சின்க்ரோமெஷ் என்று ஓர் அமைப்பு உண்டு. 1928-ல் அமெரிக்காவில் காடிலாக் காரில் முதலில் வந்தது. வெவ்வேறு வேகத்தில் சுற்றுகிற இரண்டு பாகங்களைச் சேர்ப்பதற்கு முன்னால், ஒரு வளையம் உரசி இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும். நாம் லீவரைத் தள்ளினால் போதும், மீதி வேலையை அந்த வளையம் பார்த்துக்கொள்ளும். கார் ஓட்டுகிறவர்களுக்கு அப்படி ஒன்று உள்ளே இருப்பதே தெரியாது.

எங்கள் 1035-ல் அந்த வளையம் கிடையாது. சிலைடிங் மெஷ் என்பார்கள். ஒரு பல் சக்கரம் தண்டின்மேல் வழுக்கிப் போய் இன்னொரு பல் சக்கரத்துக்குள் நேரடியாக நுழைய வேண்டும். இரண்டும் ஒத்த வேகத்தில் சுற்றினால் வெண்ணெயில் கத்தி போல் இறங்கும். வேகம் ஒத்துப்போகாவிட்டால் பல்லோடு பல் மோதும். அந்த 'கரகர' அதுதான். காரில் வளையம் செய்கிற வேலையை இங்கே ஓட்டுகிறவனின் காதும் காலும் செய்ய வேண்டும்.

உங்களில் நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கட்டபொம்மன் பஸ் நினைவிருக்கும். தென்காசியிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நான் தினமும் அதில்தான் வந்தேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இடம் கிடைத்தால் அவர் காலையே பார்த்துக்கொண்டு வருவேன். ஒரு கியருக்குக் கிளட்சை இரண்டு தடவை மிதிப்பார். மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து காலை எடுப்பார். ஒரு நொடி பொறுத்து மறுபடி மிதித்து அடுத்த கியரைப் போடுவார். இறக்கு கியர் என்றால் நடுவில் ஒரு உறுமல் கொடுப்பார். அந்த உறுமல் வீராப்புக்கு என்று நாம் நினைத்தோம். அது ஒரு கணக்கு.

உதாரணத்துக்கு, மூன்றாவது கியரில் இன்ஜின் 1200 சுற்றில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வேகத்தில் வண்டி இரண்டாவது கியரில் போக இன்ஜினுக்கு 1800 சுற்று வேண்டும் என்போம். மூன்றிலிருந்து இரண்டுக்கு வருகிறவன், நியூட்ரலில் கிளட்சை விட்டு, ஆக்சிலரேட்டரைக் கொடுத்து 1200-ஐ 1800 ஆக்கிவிட்டுத்தான் இரண்டாவதைப் போட வேண்டும். மேல் கியருக்குப் போகும்போது எதிர்க் கணக்கு. இன்ஜின் தானாக இறங்குகிற வரை பொறுத்தால் போதும். பழகினவன் மீட்டரைப் பார்க்க மாட்டான், சத்தத்திலேயே தெரிந்துகொள்வான்.

இனி, எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த எங்கள் டிரைவர் அண்ணாச்சி சொன்ன முறையை எழுதுகிறேன். அவர் பள்ளிக்கூடம் பார்த்தவரில்லை. ஆனால் அவரைப் போல ஒரு வாத்தியார் எனக்கு வாய்க்கவில்லை.

வயலில் ஓட்டும்போது கியரை நின்றுதான் மாற்ற வேண்டும். உழவில் ஓட்டத்திலேயே கியர் மாற்றத் தேவையே இல்லை. ஒன்பது கொத்துக் கலப்பைக்கு எந்தக் கியர், தொழியில் கேஜ் வீலுக்கு எந்தக் கியர் என்று முதலிலேயே தீர்மானித்துப் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். 1035-ல் மூன்று முன் கியர், ஒரு ரிவர்ஸ். ஹை, லோ என்று தனி லீவர். மொத்தம் முன்னால் ஆறு, பின்னால் இரண்டு. அந்த ஹை, லோ லீவரை ஓட்டத்தில் தொடவே கூடாது.

நிற்கும்போதும் அவசரம் கூடாது. கிளட்சை முழுக்க மிதித்த பிறகும் உள்ளே தண்டு கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருக்கும். மூன்று எண்ணுங்கள், பிறகு லீவரைத் தள்ளுங்கள். அப்படியும் விழாமல் முட்டி நின்றால், பல்லுக்கு நேரே பல் நிற்கிறது என்று அர்த்தம். கிளட்சைக் கொஞ்சம் விட்டு மறுபடி மிதித்தால் சக்கரம் சற்றுத் திரும்பிக்கொள்ளும், கியர் விழும். லீவரைக் குத்தித் தள்ளாதீர்கள். "கதவு தெறக்கலன்னா தட்டணும்லே, ஒடைக்கக் கூடாது" என்பார் அண்ணாச்சி.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தும் சத்தம் வருகிறது என்றால், கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று பொருள். பெடலில் சும்மா அசைகிற அளவு, சுமார் ஓர் அங்குலம் இருக்க வேண்டும். சரியான அளவு வண்டிக் கையேட்டில் இருக்கும். அது அதிகமானால் கியர் உறுமும். அறவே இல்லாவிட்டால் கிளட்ச் வழுக்கித் தேயும். கிளட்ச் பெடல்மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிறவர்கள் ரிலீஸ் பேரிங்கைத் தாங்களே தின்றுகொண்டிருக்கிறார்கள். இரட்டைக் கிளட்ச் உள்ள வண்டிகளில் பெடலைப் பாதி மிதித்தால் ஓட்டம் நிற்கும், முழுக்க மிதித்தால் ரொட்டவேட்டரைச் சுற்றுகிற பி.டி.ஓ.வும் நிற்கும். அதையும் தெரிந்துகொண்டு மிதியுங்கள்.

சமமான ரோட்டில், பஸ் டிரைவரைப் போல இரண்டு மிதி மிதித்துக் கியர் மாற்றலாம். முதலில் காலி டிரெய்லரோடு, ஆளில்லாத ரோட்டில் பழகுங்கள். பழகும் வரை நின்று மாற்றுவதில் ஒரு அவமானமும் இல்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

சமதளத்தில் கியர் தவறினால் நஷ்டம் சத்தமும் கொஞ்சம் பல் தேய்மானமும்தான். இறக்கத்தில் தவறினால் என்ன ஆகும்? அதே கணக்கைப் போடுங்கள். மூன்றாவதைக் கழற்றியதும் வண்டியைப் பிடித்துவைத்திருந்த இன்ஜின் விலகிவிட்டது. வண்டி வேகமெடுக்கிறது. இன்ஜினோ ஆக்சிலரேட்டர் இல்லாமல் 700 சுற்றுக்கு இறங்குகிறது. இரண்டாவது கியருக்கு 1800 வேண்டியிருந்தது, அடுத்த நொடியில் 2100 வேண்டும், அதற்கடுத்த நொடியில் 2500. இந்த மாதிரி இன்ஜினை இரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு மேல் போக விடாமல் கவர்னர் தடுத்துவிடும். ஆக, இரண்டு மூன்று நொடியில் அந்தக் கியர் யார் தள்ளினாலும் விழாது. எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் விழாது. எங்கள் பையன் கையில் நடந்தது இதுதான். அவன் தள்ளத் தள்ளக் கதவு இன்னும் இறுக மூடிக்கொண்டே போனது.

அப்புறம் பிரேக்தானே என்பீர்கள். இந்த வகை டிராக்டரில் பிரேக் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான். நம் ஊர் டிரெய்லர்கள் பலவற்றுக்குப் பிரேக்கே கிடையாது. இரண்டு டன்னுக்கும் குறைவான டிராக்டரை மூன்று டன் பாரம் பின்னாலிருந்து தள்ளுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. ஒன்பதாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ஆகவே இறக்கம் தொடங்குவதற்கு முன்னாலேயே வண்டியை நிறுத்தி, கீழ்க் கியரைப் போட்டு, இரண்டு பிரேக் பெடலும் இணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்க வேண்டும். அந்த மேட்டை இதே பாரத்தோடு எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இறங்கி முடிக்கும் வரை கியரையும் தொடாதீர்கள், கிளட்சையும் தொடாதீர்கள். மெதுவாகத்தான் போகும். பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான், அடித்துக்கொள்ளட்டும். செங்கோட்டையைத் தாண்டிப் புளியரை எஸ் வளைவில் கேரளாவிலிருந்து இறங்குகிற லாரிகளைப் பாருங்கள். நல்ல டிரைவர் வளைவுக்கு முன்னாலேயே கீழ்க் கியருக்கு வந்துவிடுவார், வளைவில் வந்து தேட மாட்டார்.

நியூட்ரலில் விட்டு இறங்கினால் டீசல் மிச்சம் என்று ஒரு பேச்சு நம் பக்கம் உண்டு. அது தப்புக் கணக்கு. கியரில் இறங்கும்போது சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. ஆக்சிலரேட்டரைக் குறைத்து வைத்திருந்தால் கவர்னர் டீசலைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால்தான் ஐடிலிங் ஓட டீசல் செலவாகிறது. உயிரையும் பணயம் வைத்து டீசலையும் கொடுக்கிற வேலை அது.

இரண்டு மறுப்புகள் வரும் என்று எனக்குத் தெரியும்.

ஒன்று: 'புது வண்டி வாங்கினால் தீராதா சார்?' புது டிராக்டர்கள் பலவற்றில் கான்ஸ்டன்ட் மெஷ் பெட்டி வருகிறது, சிலவற்றில் சின்க்ரோவும் வருகிறது. சத்தம் குறையும், பல் பிழைக்கும், உண்மைதான். ஆனால் ஏழெட்டு லட்சம் கொடுத்து வாங்கினாலும் நியூட்ரலில் இறக்கத்தில் உருளுகிற வண்டி உருளத்தான் செய்யும். உழவுக்குச் சளைக்காத வண்டியை, ஓட்டத் தெரியாத குறைக்காக விற்பது எனக்குச் சம்மதமில்லை.

இரண்டு: 'நான் கிளட்சே மிதிக்காமல் கியர் போடுவேன்' என்று சொல்கிற சூரர்கள். போடுவீர்கள், நானும் பார்த்திருக்கிறேன். அந்த வித்தையைப் பக்கத்தில் நின்று பார்க்கிற பதினாறு வயசுப் பையன் அதைத்தான் முதல் பாடமாக எடுத்துக்கொள்கிறான். அவன் முன்னால் மட்டுமாவது ஒழுங்காக மிதித்துப் போடுங்கள்.

மட்கார்டு விஷயம். டிராக்டரில் இருக்கை ஒன்றுதான், அது ஓட்டுகிறவருக்கு. பாரம் ஏற்றுகிற டிரெய்லரில் ஆளை ஏற்றுவது குற்றம். மட்கார்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு போவதை நாம் பாசம் என்று நினைத்தோம். அந்தத் தலைமுறையில் நானும் ஒருவன். உங்களையும் அப்படி உட்கார விட்டதற்கு இப்போது வருத்தப்படுகிறேன்.

அரசாங்கம் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. டிராக்டர் ஓட்டவும் பராமரிக்கவும் முறையாகச் சொல்லிக்கொடுக்க மத்திய அரசின் பயிற்சி நிலையம் ஆந்திராவில் அனந்தப்பூர் பக்கம் கார்லதின்னேயில் இருக்கிறது. தென் மாநிலங்களுக்கெல்லாம் அதுதான். ஆய்க்குடியிலிருந்தும் பண்பொழியிலிருந்தும் எத்தனை பேர் அங்கே போக முடியும்? தென்காசி 2019-ல் தனி மாவட்டம் ஆனது. வாடகைக்கு டிராக்டர் விடுகிற வேளாண்மைப் பொறியியல் துறை, சாகுபடிக்கு முன்னால் இரண்டே நாள் ஒரு மைதானத்தில் இந்தப் பாடத்தை நடத்தலாம். ஒரு பழைய வண்டி, ஒரு டிரெய்லர், ஒரு மேடு போதும். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்கள் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைவிட நல்ல ஆசிரியர்கள் இதற்குக் கிடைக்க மாட்டார்கள். துறையில் வேலை பார்க்கிற என் மாணவர்கள் இரண்டு மூன்று பேர் இதை வாசிப்பீர்கள். உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள்.

அது நடக்கும் வரை வீட்டுக்கு வீடு நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். சாவி கேட்டால் முதலில் களத்தில் ஒரு மணி நேரம். பிறகு காலி டிரெய்லர். பிறகு சமதளத்தில் பாரம். இறக்கம் கடைசியில்.

தம்பி மகன் லீவை நான்கு நாள் நீட்டினான். தினமும் காலையில் அறுவடை முடிந்த களத்தில் அவனுக்குப் பாடம். முதல் நாள் பல்லெல்லாம் அலறியது. இரண்டாம் நாள் சத்தம் குறைந்தது. நான்காம் நாள் மூன்றிலிருந்து இரண்டுக்கு வந்ததே எனக்குக் கேட்கவில்லை. இதையெல்லாம் எழுத அவன்தான் சம்மதம் கொடுத்தான். "என் பேரைப் போடாம எழுதுங்க பெரியப்பா, நாலு பேருக்கு உதவட்டும்" என்றான். பேத்தி வரப்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். ஏறட்டுமா என்று கேட்டாள், கூடாது என்றேன். கோபம்தான், இன்னும் பேச்சு சரியாகவில்லை. பரவாயில்லை.

வண்டியை விற்கவில்லை. முட்டிய இடத்தில் கிரில் நசுங்கியிருக்கிறது. அதை அப்படியே விட்டு வைத்திருக்கிறேன். சாவி கேட்டு வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுகிறேன்.

உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள். சீசனுக்கு வருகிறவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டுப் போங்கள். வருகிற வழியில், முன்னால் ஒரு டிராக்டர் கீழ்க் கியரில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தால், தயவுசெய்து ஹாரன் அடிக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் வாத்தியார்